உள்ளே வைத்துச் சொன்னது

அக்கா,

இன்று காலை வாசலில் ஜீப்பு வந்து நின்றது. மேலே மலைத் தோட்டத்தில் கரண்ட் போய்விட்டதாம். உலர்த்தும் ஸ்டோரில் பாதி காய்ந்த ஏலக்காயை அப்படியே மூட்டை கட்டிக் கொண்டுவந்து இறக்கினார்கள். மூட்டையின் வாயை அவிழ்த்ததும் அந்த வாசனை கூடம் முழுக்கப் பரவியது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் போடித் தெருக்களில் ஏலக்காய் மணக்கிறது என்று மூச்சை ஆழமாக இழுப்பார்களே, அது நன்றாகக் காய்ந்த காயின் மணம். இது வேறு. பச்சையும் சூடும் ஈரமும் கலந்து தொண்டையில் வந்து அடைக்கும் ஆவி. கையில் இருந்த பாத்திரத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு, வாசல் கதவு, கொல்லைக் கதவு, ஜன்னல்கள் என்று எல்லாவற்றையும் திறந்துவிட்டேன்.

"சாரல் அடிக்குது, எதுக்குத்தா எல்லாத்தையும் தொறந்து போடுற?" என்று அத்தை கேட்டார்.

காற்று வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் சொன்னால் உங்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். உங்களைப் பற்றி இந்த வீட்டில் பேச்சு வந்தாலே எல்லாரும் ஒரே மாதிரியான வாக்கியங்களைத்தான் சொல்கிறார்கள். அதனால் உங்களிடமே பேசலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் இந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்தபோது நீங்கள் மூத்த மருமகளாகி வெகுகாலம் ஆகியிருந்தது. எலக்ட்ரிகல் படித்து, கோயம்புத்தூரில் மோட்டார் கம்பெனி ஒன்றில் கண்ட்ரோல் பேனல் செய்யும் பிரிவில் இருந்தவர் நீங்கள் என்பதே எனக்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது. மிக்ஸி ஓடாமல் நின்றபோது அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்த விதத்தைப் பார்த்துத்தான் கேட்டேன். "கல்யாணத்துக்குன்னு லீவு போட்டுட்டு வந்தேன். அந்த லீவுதான் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு" என்று சொல்லிச் சிரித்தீர்கள். நான் சென்னையில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்ய விட்டார்கள். பிறகு எல்லாரையும் ஆபீசுக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். என்னால் போக முடியவில்லை. லேப்டாப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்குக் கீழே போனது.

அதை வெளியே எடுக்க வைத்தவர் நீங்கள். போடிமெட்டுக்கு மேலே நம் தோட்டத்து ஸ்டோரில், காயை உலர்த்தும் அறையின் சூட்டைக் கவனிக்க ஒரு கம்பெனிக்காரர் பெட்டி ஒன்றை மாட்டிவிட்டுப் போயிருந்தார். அது ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. சூடு ஏறி இறங்கிக் காய் நிறம் மங்கிப் போனதென்று உங்கள் வீட்டுக்காரர் இரண்டு நாளாகச் சாப்பாட்டில் கை வைக்காமல் எழுந்து போனார். நான் பெரியத்தான் என்று கூப்பிடும் அந்த மனிதருக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார், பேசாமல் இருப்பார். அது அதைவிடக் கஷ்டம். அன்று அவரைக்காய் நறுக்கிக்கொண்டே நீங்கள் கேட்டீர்கள்: "ஏத்தா, இத நம்மளே செஞ்சா என்ன?"

அதன் பிறகு மத்தியானங்கள் நமக்கென்று ஆகின. நீங்கள் எனக்கு ரிலே என்றால் என்ன, எந்த வயரைத் தொடக்கூடாது என்று காட்டினீர்கள். நான் உங்களுக்குப் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதக் காட்டினேன். உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்றை வரவழைத்தோம். சூட்டைப் படிக்க ஒரு ஃபங்ஷன், காற்றாடியை ஓட்ட ஒன்று, பர்னரை எரிக்க ஒன்று, கதவைப் பூட்டத் திறக்க ஒன்று என்று சின்னச் சின்ன வேலைகளாகப் பிரித்து எழுதினோம். ஸ்டோர் இப்போது உலர்த்திக்கொண்டிருக்கிறதா, நின்றுவிட்டதா என்பதை இவை அத்தனையும் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காக எல்லா ஃபங்ஷனுக்கும் வெளியே, புரோகிராமின் தலைமாட்டில், ஒரே ஒரு பெயரை வைத்தோம். நிலை. குளோபல் வேரியபிள் என்று அதற்குப் பெயர். யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படி வெளியே வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. "வெளிய கெடந்தா எவன் வேணாலும் வந்து மாத்திருவான்க்கா. அப்புறம் எங்க மாறுச்சுன்னே கண்டுபிடிக்க முடியாது" என்றேன்.

நீங்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள். "நானும் அப்படித்தாண்டி. காலையில அத்தை வந்து ஒரு மாதிரி மாத்துவாங்க. மத்தியானம் ஒங்க அத்தான் வந்து வேற மாதிரி. பொழுது சாயும்போது நான் என்னவா இருக்கேன்னு எனக்கே வெளங்காது." சொல்லிவிட்டு உடனே, "சரி, அடுத்த வரி என்ன?" என்று திரையின் பக்கம் திரும்பிவிட்டீர்கள். நீங்கள் வேடிக்கையாகச் சொன்னீர்கள் என்றுதான் அன்று எடுத்துக்கொண்டேன்.

கதவுக்குப் பூட்டு வேண்டும் என்றது பெரியத்தான். வேலையாட்கள் நடுவில் கதவைத் திறந்து பார்க்கிறார்கள், சூடு போய்விடுகிறது, காயும் காணாமல் போகிறது என்றார். அதனால், உலர்த்தும்போது கதவு தானே பூட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து பூட்டின் ரகசிய எண்ணை அமுக்கினால்தான் திறக்கும் என்று வைத்தோம். உள்ளே ஒரு பட்டன் இருந்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நீங்கள். "ஆளு போற எடம்ல? உள்ள இருந்து நிறுத்துறதுக்கு ஒரு வழி வேணும்." அந்தப் பட்டனுக்கான ஃபங்ஷனை நீங்களே எழுதினீர்கள். இரண்டே வரி. நிலையை ‘நிறுத்து’ என்று மாற்று. பச்சை விளக்கை எரியவிடு. பர்னர் இல்லாமல், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருமுறை அமுக்கிப் பார்த்தோம். பச்சை விளக்கு எரிந்தது. இரண்டு பேரும் கை தட்டினோம்.

முதல் லோடு காயை ஏற்றி உலர்த்திய அன்று, மேலே போவதற்கு அத்தையிடம் அனுமதி வாங்கியதே பெரிய காரியம். காலை ஜீப்பில் காய் எடுக்கும் பெண்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்து வளைவு வளைவாக ஏறினோம். ஒரு வளைவில் கீழே போடி மொத்தமும் தெரிந்தது. "நம்ம வீட்டு மொட்டை மாடி தெரியுது பாரு, எம்புட்டுத் தூரத்துல இருக்கு!" என்று நீங்கள் குழந்தை மாதிரி என் தோளைத் தட்டினீர்கள்.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் மலையாளத்துக்காரர், நாம் சேட்டன் என்று கூப்பிடுகிறவர், காய் எடுக்கும் பெண்களோடு கீழ்ச் சரிவுக்குப் போயிருந்தார். சூடு ஏறிக்கொண்டிருந்தது. திரையில் எண் கொஞ்சம் தாவித் தாவி வந்ததால், சென்சார் கட்டு தளர்ந்திருக்கும் என்று பார்க்க உள்ளே போனோம். சூட்டில் கெட்டுப்போகும் என்று போன்களை வெளியே மேசையில் வைத்துவிட்டோம். கதவு சாத்தாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருந்தோம். மலைக்காற்று ஒன்று வேகமாக அடித்தது. கல் நகர்ந்து, கதவு போய்ச் சாத்தி, பூட்டு விழுந்த சத்தம் கேட்டது.

"கதவு சாத்திருச்சுக்கா."

"சாத்துனா சாத்தட்டும். அதுக்குத்தான பட்டன் வச்சிருக்கோம்."

நிதானமாகப் போய் அமுக்கினீர்கள். பச்சை விளக்கு எரிந்தது. பூட்டு விலகும் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். காற்றாடி நிற்கவில்லை. மறுபடி அமுக்கினீர்கள். மறுபடி பச்சை. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. உங்கள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

"லைட்டு எரியுதுன்னா ஃபங்ஷன் ஓடுது" என்று மெதுவாகச் சொன்னீர்கள். "ஓடுது, ஆனா வெளிய போய்ச் சேரல."

எனக்கு அந்த இரண்டு வரிகளும் கண்ணுக்குள் வந்து நின்றன. "அக்கா, மொத வரியில குளோபல்னு போட்டீங்களா?"

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். "போடல."

அவ்வளவுதான் விஷயம். பைத்தானில் ஒரு ஃபங்ஷன் வெளியே இருக்கும் பெயரை வெறுமனே படித்தால், வெளியே இருப்பதையே பார்க்கும். ஆனால் உள்ளே வைத்து அந்தப் பெயருக்கு ஒரு மதிப்பைக் கொடுத்தால், அதே பெயரில் தனக்கென்று புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். குளோபல் என்று முன்கூட்டியே சொன்னால்தான் வெளியே இருப்பதைத் தொடும். மற்ற ஃபங்ஷன்கள் எல்லாம் படிக்க மட்டுமே செய்தன. அதனால் பழுது வெளியே தெரியவில்லை. இந்தப் பட்டன் ஒன்றுதான் மாற்ற முயன்றது. உள்ளே நிலை நிறுத்து என்று மாறியது, விளக்கு எரிந்தது, ஃபங்ஷன் முடிந்தது, அந்த நிலையும் அதோடு போனது. வெளியே நிலை அப்படியே இருந்தது. உலர்த்து.

"நூறு தடவ அமுக்குனாலும் நூறு நிலை உள்ளயே பொறந்து உள்ளயே செத்துப்போகும்" என்றீர்கள்.

கதவைத் தட்டினோம். கத்தினோம். காற்றாடிச் சத்தத்தில் நம் குரல் நமக்கே கேட்கவில்லை. கீழ்ச் சரிவிலிருந்து யாரும் மத்தியானத்துக்கு முன் ஏறி வரமாட்டார்கள். பச்சைக் காயிலிருந்து எழும்பிய ஆவி அறையை நிறைத்துக்கொண்டே வந்தது. மூச்சை இழுத்தால் மூச்சு வரவில்லை, வெந்நீர் வந்தது. என் காதுக்குள் ரத்தம் அடிக்கும் சத்தம் கேட்டது. நான் கதவை உதைக்க ஆரம்பித்தேன். நீங்கள்தான் என் தோளைப் பிடித்து அமுக்கித் தரையில் உட்கார வைத்தீர்கள். "தரையோட ஒக்காரு. மேலதான் சூடு. வீணாக் கத்தாத."

தட்டுகள் அடுக்கிய சட்டங்களுக்கு நடுவே, இரண்டு பேரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உங்கள் புடவை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. அப்போதுதான் சொன்னீர்கள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னீர்கள்.

"இங்க இருந்து வெளிய போனா நான் கோயம்புத்தூர் போயிருவேன்."

எனக்குப் புரியவில்லை. சூட்டில் பினாத்துகிறீர்களோ என்று பயந்தேன்.

"பழைய கம்பெனி மேடம் போன மாசம் போன் பண்ணாங்க. எடம் இருக்கு, வர்றியான்னு கேட்டாங்க. நான் யார்கிட்டயும் மூச்சு விடல. பிள்ளைய அங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துக்கலாம். வாரக் கடைசியில வந்துட்டுப் போலாம். எல்லாம் மனசுக்குள்ளயே கணக்குப் போட்டு வச்சிருக்கேன். சொல்லத்தான் வாய் வரல."

"சொல்லுங்கக்கா. போங்க."

"சொல்றேன். வெளிய போனதும் மொத சோலி அதான். ஒங்க அத்தான்கிட்ட சொல்லிட்டு நான் போறேன்."

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியவில்லை. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சென்சாரின் வயர் முகத்துக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கி எறிந்தால் எல்லாம் நின்றுவிடும் என்று தோன்றி எட்டிப் பிடித்தேன். என் கையில் பட்டென்று அடித்தீர்கள்.

"புடுங்காத! புடுங்குனா கடைசியாப் படிச்ச நம்பரையே வச்சுக்கிட்டு ஓடும். நீதான அப்படி எழுதுன?"

நான்தான் எழுதியிருந்தேன். வயர் ஒரு நொடி விட்டுப்போனதற்காக லோடு கெட்டுவிடக்கூடாது என்று யோசித்து எழுதியது.

வயரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நீங்கள் எதையோ யோசித்தீர்கள். "சூடு அறுபத்தஞ்சு டிகிரியத் தாண்டுனா என்ன ஆகும்?"

"எல்லாம் நிக்கும். கதவும் தொறக்கும்."

"அது எங்க எழுதியிருக்கு?"

"எந்த ஃபங்ஷனுக்குள்ளயும் இல்லக்கா. வெளிய, எப்பவும் சுத்திக்கிட்டே இருக்கிற மெயின் லூப்புலயே இருக்கு."

"அப்பச் சரி. நம்ம சொல்றது வெளிய கேக்கல. சென்சார் சொல்றது கேக்கும்ல?"

எழுந்து போய்க் கட்டை அவிழ்த்தீர்கள். பர்னரிலிருந்து வெப்பக் காற்று வரும் இரும்புக் குழாய் சுவரோரம் ஓடியது. வயரை இழுத்தால் அதன் முனை குழாயைத் தொடும் அளவுக்குத்தான் வந்தது. கட்டி வைக்க நீளம் இல்லை. என் துப்பட்டாவை வாங்கிக் கையில் சுற்றிக்கொண்டு முனையைக் குழாயோடு வைத்து அழுத்தினீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் எனக்கு அடுத்தது நினைவு வந்தது. "அக்கா, ஒரு தடவ காட்டுனா நம்பாது. தொடர்ந்து காட்டணும். விட்றாதீங்க."

நீங்கள் விடவில்லை. துப்பட்டா கருகும் வாசனை வந்தது. உங்கள் உதடு பற்களுக்கு நடுவே வெளுத்துப் போயிருந்தது. நான் உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியவில்லை. காற்றாடி திடீரென்று குரல் இறங்கி நின்றது. பூட்டு விலகியது. கதவைத் தள்ளிக்கொண்டு ஈரத் தரையில் போய் விழுந்தோம். மூடுபனி முகத்தில் வந்து படர்ந்தது.

சத்தம் நின்றதைக் கேட்டுச் சேட்டன் ஓடி வந்தார். "அய்யோ சேச்சி, எந்து பற்றி, என்ன ஆச்சு? கை முழுக்கப் பொள்ளிப் போச்சே!" என்று தண்ணீரை மொண்டு மொண்டு உங்கள் கையில் ஊற்றினார். மூன்று விரல்களும் உள்ளங்கையும் கொப்பளித்திருந்தன.

நான் ஊருக்குப் போகலாம் என்றேன். நீங்கள் லேப்டாப்பைக் கொண்டா என்றீர்கள். இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, அந்த ஃபங்ஷனின் முதல் வரியில் குளோபல் என்று அடித்து, பக்கத்தில் நிலை என்று அடித்தீர்கள். "இப்ப நான் உள்ள போறேன். நீ வெளிய நின்னு பாரு" என்றீர்கள். நான் கெஞ்சினேன். பர்னரை எரிக்காமல் வெறும் காற்றாடியை மட்டும் ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். "அப்படிப் பாத்துத்தான ஏமாந்தோம்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். திறக்கும் எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு நான் வெளியே நின்றேன். அந்தச் சில விநாடிகளில் நான் உள்ளே இருந்ததைவிட அதிகமாகப் பயந்தேன். பிறகு பூட்டு விலகியது. தலையை வெளியே நீட்டி, "திரையில மாறுச்சா?" என்றீர்கள். மாறியது என்றேன். அப்போதுதான் அழுதீர்கள்.

திரும்பும் ஜீப்பில் ஈரத்துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். நான் உங்கள் பெட்டியை எப்படிக் கட்டுவது என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் கையைப் பார்த்ததும் அத்தை, "அந்தக் கம்ப்யூட்டர் சோலிய விடுங்கன்னா கேக்குறீங்களா?" என்றார். பெரியத்தான் மருந்தை எடுத்துக்கொண்டு உங்கள் அறைக்கு வந்தார். கதவு சாத்திக்கொண்டது. நான் கூடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தேன். குரல்கள் கேட்டன, வார்த்தைகள் கேட்கவில்லை. காலையில் எழுந்து வந்தபோது நீங்கள் அடுப்பின் முன்னால் நின்று ஒற்றைக் கையால் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தீர்கள். பெரியத்தான் டம்ளரை வாங்கிக்கொண்டு பேப்பரை விரித்தார். அதற்கு முந்தைய நாளைப் போலவே இருந்தது எல்லாம்.

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு துணி மடிக்கும்போது கேட்டுவிட்டேன். "சொன்னீங்களாக்கா?"

"உள்ள வச்சுச் சொன்னது உள்ளயே போச்சு. விடுத்தா."

சொல்லவில்லை என்று புரிந்துகொண்டேன். ஸ்டோருக்குள் சொன்னதைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். உங்கள் மேல் எனக்கு வருத்தம் இருந்தது. கையைப் பொசுக்கிக்கொள்ளத் துணிந்தவரால் ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியவில்லையே என்று இருந்தது. உங்கள் மகள் வளர்ந்தாள். அத்தைக்கு முழங்கால் விட்டுப்போனது. ஸ்டோர் நன்றாக ஓடியது. பக்கத்துத் தோட்டக்காரர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். உங்கள் பிறந்த ஊரான தேவாரத்திலிருந்து தம்பி போன் செய்து தோட்டத்துக்குள் ஆனை இறங்கிவிட்டது, வந்து பாரு என்று கூப்பிட்டால்கூட, ஒரு ராத்திரி தங்க உங்களால் முடிந்ததில்லை. போன ஐப்பசியில் வந்த காய்ச்சல் உங்களை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. அங்கிருந்து நீங்கள் திரும்பி வரவில்லை.

உங்கள் வேலைகள் ஒவ்வொன்றாக என்னிடம் வந்தன. யாரும் வா என்று சொல்லவில்லை. அத்தையின் மாத்திரை, உங்கள் மகளின் பரீட்சை, மேலே போகும் ஆட்களுக்குச் சோறு, ஸ்டோரிலிருந்து வரும் போன். "நீதான் இனி அவ எடத்துல" என்று சொந்தக்காரர்கள் என் தலையில் கை வைத்துச் சொன்னார்கள். ஆசீர்வாதம் மாதிரித்தான் சொன்னார்கள். நான் அப்படியே கட்டிப் போட்டது மாதிரி நின்றிருந்தேன். ஸ்டோரில் நாம் செய்து வைத்த எந்திரத்தைப் பார்த்துவிட்டுப் போன ஒரு கம்பெனி, உலர்த்தும் கருவிகள் செய்கிற கம்பெனி, மதுரையில் எனக்கு வேலை தருவதாகச் சொன்னது. உங்கள் கொழுந்தனிடம், என் வீட்டுக்காரரிடம், சொன்னேன். சாப்பிடும்போது ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை. "ம்" என்றார். என்னிடம் எப்போதும் அன்பாக இருக்கும் மனிதர். அந்த ‘ம்’மும் அன்பாகத்தான் இருந்தது. அதற்கு மேல் எதுவும் நகரவில்லை.

போன வாரம் உங்களுக்குத் தலைத்திவசம். சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "கடைசி வரைக்கும் ஒரு கொறை சொன்னதில்ல. இது வேணும்னு வாயத் தொறந்து கேட்டதில்ல. அப்படி ஒரு மனுசி" என்று உங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டு யாரோ சொன்னார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள்.

"கேட்டாங்க" என்றேன். "கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகணும்னு என்கிட்டச் சொன்னாங்க. நாங்க ஸ்டோருக்குள்ள மாட்டிக்கிட்ட அன்னிக்கு."

அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டார். சுவரோரம் உட்கார்ந்திருந்த பெரியத்தான் எழுந்து கொல்லைப் பக்கம் போனார். தவறாகப் பேசிவிட்டேனோ என்று பின்னாலேயே போனேன். துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"தெரியும் ஆத்தா" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"அன்னைக்கே என்கிட்டச் சொன்னா. நான் கைக்கு மருந்து போட்டுக்கிட்டிருந்தேன். மேடம் கூப்பிட்டது, பிள்ளைய எங்க சேக்குறது, எல்லாத்தையும் கோர்வையாச் சொன்னா. நான் ‘ம்’னேன்." தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம்னு அவளும் கேக்கல. நானும் சொல்லல. அவ காத்துக்கிட்டிருந்தான்னு தெரியும். பேசாம இருந்தா தானா அமுங்கிரும்னு இருந்துட்டேன். அமுங்கிருச்சு."

அக்கா, நீங்கள் சொன்னீர்கள். வெளியே வந்ததும் முதல் வேலையாக, சொன்ன வாக்கை மீறாமல், வெந்த கையோடு சொன்னீர்கள். இத்தனை காலம் அது தெரியாமல் உங்களை வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதைக் கேட்டதிலிருந்து உங்கள் கையைவிட அந்தக் காலைக் காப்பிதான் எனக்கு அடிக்கடி நினைவு வருகிறது. டம்ளரை நீட்டிவிட்டு, பேப்பருக்குப் பின்னாலிருந்து ஏதாவது வருமா என்று ஒரு நொடி கூடுதலாக நின்றிருப்பீர்கள்.

அன்று சாயங்காலம், விருந்தாட்கள் போன பிறகு, உங்கள் கொழுந்தனிடம் மறுபடி சொன்னேன். இந்த முறை அறைக்குள் இல்லை; கூடத்தில், அத்தையும் உங்கள் மகளும் இருக்கும்போது. மதுரை வேலைக்குப் போகிறேன், தினமும் பஸ்சில் போய்வர முடியாது, வாரத்தில் சில நாள் அங்கே தங்க வேண்டும் என்றேன்.

"ம்" என்றார்.

"‘ம்’னா என்னங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னன்னா?"

"சரிங்கிறீங்களா, வேண்டாம்ங்கிறீங்களா? ஏதாச்சும் ஒண்ணச் சொல்லுங்க. நான் இங்கதான் நிக்கிறேன்."

அவர் மறுபடி குனிந்துகொண்டார். பழக்கத்தில் அடுப்பங்கரைக்குப் போய்விடத்தான் உடம்பு திரும்பியது. போகவில்லை. கடைசியில் சொன்னார்: "வேண்டாம். அம்மாவ யாரு பாக்குறது? ஸ்டோர யாரு பாக்குறது?"

வேண்டாம் என்றுதான் சொன்னார், அக்கா. வீடு அப்படியேதான் இருக்கிறது, நானும் இங்கேதான் இருக்கிறேன். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை. உங்களுக்குக் கிடைக்காத ஒன்று என் கையில் வந்தது போல இருந்தது. வேண்டாம் என்பதற்குப் பதில் சொல்லலாம். காரணம் கேட்கலாம், சண்டை போடலாம், விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடரலாம். தினமும் தொடர்கிறேன். ஸ்டோரைப் பார்த்துக்கொள்ள உங்கள் மகளுக்கும் சேட்டனுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். அம்மாவை அண்ணனும் தம்பியும் பார்க்கக் கூடாதா என்றேன். அவர் கோபப்பட்டார். பிறகு யோசித்தார். மறுபடி கோபப்பட்டார்.

நேற்று நாங்கள் பேச ஆரம்பித்ததும், அத்தை டி.வி.யை நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.